மல்லாட்டைக் கொல்லையில் பன்றித் தடம்: கடலூர் மாவட்டத்தில் ஆறு நாள்

முதல் நாள்: கடலூர் – விருத்தாசலம் – வேப்பூர்

கடலூரிலிருந்து வடலூர், நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகும்போது வழியெல்லாம் மண் நிறம் மாறிக்கொண்டே வருகிறது. வேப்பூர்ப் பக்கம் வந்தால் கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளம். மார்கழி பிறந்துவிட்டது. கதிர் பால் பிடித்து முற்றும் பருவம். விருத்தாசலத்தைச் சுற்றி மணிலா (மல்லாட்டை என்கிற நிலக்கடலை) விதைப்பும் தொடங்கிவிட்டது. ஏரி, ஓடை எங்கும் தண்ணீர். காட்டுப்பன்றிக்குச் சாப்பாடு, குளியல், படுக்கை மூன்றும் ஒரே மைல் வட்டத்துக்குள் கிடைக்கிற மாதம் இது.

இந்த ஆறு நாளில் தெரிந்துகொள்ள வேண்டியவை நான்கு: எத்தனை பன்றி, பகலில் எங்கே படுக்கின்றன, எந்த வழியாக இறங்குகின்றன, சேதம் எவ்வளவு. இவை தெரியாமல் வேலி போட்டாலும் துப்பாக்கி கேட்டாலும் பணம்தான் போகும், பன்றி போகாது.

பையில் இருந்தவை: தானியங்கிக் கேமரா 6, புது பேட்டரிகள், 30 மீட்டர் டேப், சணல் கயிறு, நான்கு மூங்கில் குச்சி, சல்லடையில் சலித்த மணல் ஒரு மூட்டை, ரப்பர் கையுறை, சுண்ணாம்புத் தூள். கைப்பேசியில் இடக்குறி எடுக்கும் செயலி போதும், தனிக் கருவி தேவைப்படவில்லை.

முதல் கொல்லையிலேயே ஒரு பாடம். சோளத்தட்டை இடுப்பளவில் ஒடிந்து சாய்ந்திருந்தது. கதிரின் உறை கிழிந்து, பால் மணிகள் ஒரு பக்கம் மட்டும் கடிபட்டு, மீதி மண்ணில் மிதிபட்டுக் கிடந்தது. பக்கத்திலேயே விரல் நீளத் தடம். முன்னால் இரண்டு உருண்டைக் குளம்பு, பின்னால் இரண்டு சிறு குறி கொஞ்சம் அகலமாக, வெளியே தள்ளி. பன்றியேதான். புள்ளிமான் தடம் கூராக இருக்கும், பின்குறி சாதாரணமாக மண்ணில் பதியாது. நரியும் கதிர் தின்னும், ஆனால் ஒரு கதிரை இழுத்துத் தரையில் போட்டுக் கொறித்துவிட்டுப் போகும், வரிசையாகத் தட்டையைச் சாய்க்காது. மயில் நின்றபடியே கொத்தும், மணி குழி குழியாகப் போயிருக்கும். முள்ளம்பன்றி கடித்த இடத்தில் உளியால் செதுக்கியது போலப் பல் வரி இருக்கும். கரும்பில் பன்றி மென்று துப்பிய சக்கை உருண்டை உருண்டையாகக் கிடக்கும். எலி அடிக்கணுவில் மட்டும் கொறிக்கும்.

எது தின்றது என்று பிரிப்பதில்தான் பாதி வேலை முடிகிறது. மயில் கொத்தியதற்குப் பன்றி வேலி போட்டு ஏமாந்த கொல்லைகள் இங்கே நிறைய.

கொல்லைக்காரம்மா காவல் பரணிலிருந்து இறங்கி வந்தார்.

"ராத்திரி மூணு மணிக்குப் பட்டாசு கொளுத்திப் போட்டோம் சார். அந்தாண்டக் கொல்லைக்குப் போச்சு. அர மணியில திரும்பி வந்துடுச்சு."

"எத்தனை இருந்துச்சும்மா?"

"இருட்டுல என்னத்த எண்றது? ஒரு நாப்பது இருக்கும்."

நாற்பது என்று குறித்துக்கொண்டோம். சரியா தவறா என்பதைக் கேமராதான் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள்: வேப்பூர்

காலை ஆறு மணிக்குப் பனி இறங்கியிருக்கும்போதே வரப்பைச் சுற்றி நடக்க வேண்டும். வெயில் ஏறினால் தடத்தின் ஓரம் உதிர்ந்து, நேற்றையதா முந்தாநாளையதா என்று தெரியாமல் போய்விடும். புதுத் தடத்தின் விளிம்பு கத்தியால் வெட்டியது போல நிற்கும்.

பன்றி எங்கு வேண்டுமானாலும் நுழைவதில்லை. ஓடைக்கரையிலிருந்து கொல்லைக்கு ஒரே ஒற்றையடிப் பாதை வைத்திருக்கும். அந்தப் பாதையில் முள்கம்பி இருந்தால் கம்பியில் கரடுமுரடான மயிர், நுனி இரண்டாகப் பிளந்து, சிக்கியிருக்கும். வழியில் மரம் இருந்தால் அடிமரத்தில் சேறு அப்பியிருக்கும். அந்தச் சேற்றின் உயரத்தை டேப்பால் அளந்தால் கூட்டத்தில் பெரியது எவ்வளவு உயரம் என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும்.

கேமரா வைப்பதில் செய்கிற தவறுகளால்தான் எண்ணிக்கை கெடுகிறது. முழங்கால் உயரம், அதாவது 45 முதல் 50 செ.மீ. பாதையிலிருந்து 3 முதல் 5 மீட்டர் தள்ளி. லென்ஸ் வடக்கையோ தெற்கையோ பார்க்க வேண்டும். கிழக்கு பார்த்தால் விடியற்காலையில் வெறும் வெள்ளைப் படம்தான் வரும். முன்னால் இருக்கும் புல்லை இரு கை விரித்த அகலத்துக்கு அறுத்துவிடுங்கள், இல்லையென்றால் காற்றில் ஆடும் ஒரு கோரைத்தாள் ஆயிரம் படம் எடுக்க வைக்கும். ஒவ்வொரு அசைவுக்கும் மூன்று படம், இடைவெளி ஒரு நிமிடம். பழைய பேட்டரியோடு புதியதைக் கலந்து போட்டால் நான்காம் நாள் இரவு நின்றுவிடும். பெட்டியின் ஓரத்தில் எறும்பு ஏறும், வேப்பெண்ணெய் தடவிய துணியை மரத்தில் கட்டினால் குறைகிறது. சங்கிலி போட்டுப் பூட்டுங்கள்.

கேமராவுக்கு முன்னால் தீனி. 5 கிலோ மக்காச்சோளத்தை மூடி உள்ள பிளாஸ்டிக் டிரம்மில் போட்டு, மணிக்கு மேலே நான்கு விரல் நிற்கத் தண்ணீர் ஊற்றி, 100 கிராம் வெல்லம் கரைத்து விட வேண்டும். நமது வெயிலில் மூன்று நான்கு நாளில் புளித்து நுரை கட்டும். மூடியை இறுக்கிவிடாதீர்கள், காற்று போக வழி வேண்டும். (ஊரிலேயே ஒருவரிடம் சொல்லி முன்கூட்டியே ஊற வைத்திருந்ததால் நமக்கு இன்றே கிடைத்தது.) மேலாகக் கொட்டினால் மயிலும் ஆடும் தின்றுவிடும். ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒடுக்கமான குழி தோண்டி, அடியில் கொட்டி, மண் மூடினால் மூக்கால் கிண்டத் தெரிந்தது மட்டும்தான் எடுக்கும். பன்றியின் மோப்பத்துக்கு அந்த மண் ஒரு தடையே இல்லை.

குழியைச் சுற்றி ஒரு மீட்டருக்குச் சலித்த மணல் பரப்பினோம். கேமரா தவறவிட்டதை மணல் பிடிக்கும்.

மாலையில் சேதக் கணக்கு. 60 செ.மீ. வரிசை, 25 செ.மீ. செடி இடைவெளி என்றால் ஏக்கருக்குச் சுமார் 27,000 செடி. அத்தனையையும் எண்ண வேண்டியதில்லை. கொல்லையில் வளைந்து வளைந்து நடந்து 12 இடத்தில் நிற்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் அடுத்தடுத்த இரண்டு வரிசையில் 5 மீட்டர் நீளம், 40 செடி. மொத்தம் 480. அதில் 60 போயிருந்தால் எட்டில் ஒரு பங்கு சேதம். ஓரத்தில் மட்டும் நின்று எண்ணினால் கணக்கு இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடும், ஏனென்றால் பன்றி ஓரத்தில்தான் அதிகம் தின்கிறது. இழப்பீட்டு மனுவில் இப்படி எண்ணிய தாளும், நில எண் தெரியும்படி எடுத்த படமும், சிட்டா அடங்கலும் சேர்ந்திருந்தால் அலைச்சல் குறையும். தட்டையை அறுத்து மாட்டுக்குப் போடுவதற்கு முன்பே படம் எடுத்துவிட வேண்டும்.

மூன்றாம் நாள்: திட்டக்குடி, வெலிங்டன் நீர்த்தேக்கத்தின் கரை

பகலில் எங்கே படுக்கின்றன என்ற கேள்விக்கு இங்கே விடை கிடைத்தது. ஓடை இரு கரையிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எலி நுழையவும் இடமில்லாதது போல இருக்கும். குனிந்து உள்ளே பார்த்தால் இடுப்பளவு உயரத்தில் குடைந்த வழி, உள்ளே புல்லைப் பரப்பிய படுக்கை, பக்கத்தில் சேற்றுக்குழி. பன்றிக்கு வியர்வை வழிந்து உடம்பு ஆறும் வசதி கிடையாது, அதனால் சேறும் நிழலும் இல்லாத இடத்தில் அது பகலைக் கழிக்காது. முட்காடும் தண்ணீரும் பயிரும் ஒட்டி இருக்கும் ஊர்களில் சேதம் கூடுதலாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

உள்ளே போகக் கூடாது. குட்டி போட்ட தாய் படுக்கையில் இருந்தால் பாய்ந்துவிடும்.

சீமைக்கருவேலத்தை அகற்றுவது நல்ல வேலை, 2022இல் வந்த தமிழ்நாட்டின் அயல் தாவரக் கொள்கையும் அதைத்தான் சொல்கிறது. ஆனால் நேரம் முக்கியம். கதிர் நிற்கும்போது ஜே.சி.பி. விட்டு ஒரே நாளில் அழித்தால் மொத்தக் கூட்டமும் பக்கத்துக் கரும்புக்குள் குடியேறும். கரும்புக்குள் போன பன்றியை வெட்டு முடியும்வரை யாராலும் வெளியே எடுக்க முடியாது. அறுவடை முடிந்த பிறகு, கொல்லையை ஒட்டிய 30 முதல் 50 மீட்டர் பட்டையை முதலில் வெட்டி வேரோடு எடுக்க வேண்டும். தூரை விட்டுவைத்தால் அடுத்த மழைக்கு முன்னைவிட அடர்த்தியாகத் தழைக்கும்.

சுடுவதைப் பற்றி ஊருக்கு ஊர் கேட்கிறார்கள். காட்டுப்பன்றி வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இப்போது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. தனியார் கொல்லக் கூடாது, கண்ணி வைக்கக் கூடாது, அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வைக்கவே கூடாது. அவுட்டுக்காய் மாட்டின் தாடையையும் நாயின் தாடையையும் பார்த்துப் பிரித்து வெடிப்பதில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வகுத்த முறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ.க்குள் சுட அனுமதி இல்லை. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கி.மீ.க்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனவர் அடங்கிய ஊர்க்குழு வழியாக மனு போக வேண்டும். ஆகவே மனு எழுதும் முன் உங்கள் கொல்லை காப்புக்காட்டு எல்லையிலிருந்து எவ்வளவு தூரம் என்பதை வனவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

இங்கே அமெரிக்காவின் அனுபவத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இணையத்தில் அங்கிருந்து வரும் காணொளிகளைப் பார்த்துவிட்டு ஹெலிகாப்டர் கேட்பவர்களும் இருக்கிறார்கள். அங்கே பன்றி அந்த மண்ணின் விலங்கே அல்ல. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் கொண்டுபோன வீட்டுப்பன்றியும், பின்னாளில் வேட்டைக்காக ஐரோப்பாவிலிருந்து இறக்கிய காட்டுப்பன்றியும் கலந்து 30க்கு மேற்பட்ட மாநிலங்களில் பரவிவிட்டது. 2014இல் அந்நாட்டு வேளாண் துறை இதற்கென்றே தேசியத் திட்டம் தொடங்கியது. முடிந்த இடத்தில் முற்றாக ஒழிப்பது அவர்கள் குறி. நமக்கு அந்தக் குறி கிடையாது. இது நம் மண்ணின் விலங்கு, காட்டில் புலிக்கும் செந்நாய்க்கும் இரை. கடலூர்ச் சமவெளியில் அந்த வேட்டை விலங்குகள் இல்லாததுதான் சிக்கல்.

ஆனால் அவர்கள் கஷ்டப்பட்டுக் கற்ற ஒன்றை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: ஒன்றிரண்டைச் சுட்டால் பயன் இல்லை. பெண்பன்றிகளும் குட்டிகளும் கூட்டமாக வாழும், வளர்ந்த ஆண் தனியே திரியும். கூட்டத்தில் ஒன்றைச் சுட்டால் மற்றவை சிதறி, நேரத்தை மாற்றி, புது ஊருக்குள் இறங்கும். சினைக்காலம் சுமார் 115 நாள், ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டி சாதாரணம். ஆண்டுக்கு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் குறைத்தால்தான் தொகை ஏறாமல் நிற்கும் என்பது அங்குள்ளவர்களின் கணக்கு. வார இறுதித் துப்பாக்கியால் அது ஆகாது. கூட்டத்தை முழுதாகப் பிடிக்க வேண்டும்.

பிடிப்பது என்றால் கூண்டு வேண்டாம், பட்டி வேண்டும். வனத்துறை செய்யும் வேலைதான், ஊரார் தெரிந்துகொண்டால் உதவலாம். 5 அடி உயரக் கம்பிவலைச் சட்டங்களை 8 முதல் 10 மீட்டர் குறுக்களவுள்ள வட்டமாக நட வேண்டும். மூலை இருக்கக் கூடாது. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தாண்டிவிடும். அடிப்பகுதி வலைக்கண் 10 செ.மீ.க்கு மேல் போனால் குட்டி நழுவும். கதவைத் திறந்தே கட்டிவைத்து, ஒரு வாரம் பத்து நாள் உள்ளே தீனி போட வேண்டும். கேமராவில் எண்ணிய அத்தனையும் இரண்டு மூன்று இரவு தொடர்ந்து உள்ளே வந்து தின்றபிறகே கதவை விழவிட வேண்டும். இதில் பொறுமை இழப்பதுதான் வழக்கமான தோல்வி. தட்டுக்கம்பி வைத்தால் முதலில் நுழையும் குட்டி தட்டிவிடும், வெளியே நிற்கும் தாய் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். அந்தத் தாய் மறுபடி எந்தப் பட்டிக்குள்ளும் நுழையாது. ஆள் மறைந்திருந்து கயிறு இழுப்பதோ, கைப்பேசியில் பார்த்துக் கதவைத் தட்டிவிடுவதோ நல்லது. பிடித்ததை இருட்டான மரப்பெட்டியில், இரவுக் குளிர்ச்சியில், உடம்பில் தண்ணீர் தெளித்து எடுத்துப் போக வேண்டும். பகலில் தகர வண்டியில் ஏற்றினால் சூட்டிலேயே செத்துவிடும்.

நான்காம் நாள்: விருத்தாசலம்

மல்லாட்டை விதைத்து மூன்று நாளான கொல்லை. பன்றி ஒரே உழவுச் சாலைப் பிடித்து, விதைத்த வரிசையிலேயே மூக்கை வைத்து, கோடு கிழித்தது போல உழுதிருந்தது. ஓர் இடத்தில் உட்கார்ந்து பார்த்தால், குழிக்குக் குழி விதையை எடுத்துத் தோலை மட்டும் துப்பியிருப்பது தெரிகிறது. மணிலாவுக்குக் காவல் தேவைப்படும் நாள் இரண்டு கட்டம்: விதைத்த முதல் பத்து நாள், பிறகு காய் திரளும் 70ஆம் நாளிலிருந்து பிடுங்கும்வரை. மக்காச்சோளத்துக்குப் பால் பிடிக்கும் 60ஆம் நாள் முதல் அறுவடை வரை. ஆண்டு முழுக்கக் காவல் காக்க யாராலும் முடியாது, இந்த நாள்களைக் காப்பாற்றினால் போதும்.

சோலார் வேலி இங்கே பலர் போட்டிருக்கிறார்கள், பாதிக்குப் பாதி வேலை செய்யவில்லை. ஏன் என்று வோல்ட் மீட்டரோடு ஆறு வேலியைச் சுற்றிப் பார்த்தோம்.

முதல் குற்றவாளி எர்த். ஓர் அடி நீளக் கம்பி ஒன்றை மட்டும் செம்மண்ணில் குத்திவிட்டு விட்டிருக்கிறார்கள். பன்றி கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதன் உடல் வழியாக மண்ணுக்குள் போய், எர்த் கம்பி வழியாக, வேலிக்கு மின்சாரம் தரும் பெட்டிக்குத் திரும்ப வேண்டும். மண் காய்ந்திருந்தால் அந்தச் சுற்று முடியாது, பன்றிக்குக் கூச்சம்கூட இருக்காது. 6 அடி ஜி.ஐ. கம்பி மூன்று, ஒன்றுக்கொன்று 10 அடி இடைவெளி, போர்செட் தண்ணீர் வடியும் ஈரமான இடத்தில் முழுதும் அடிக்க வேண்டும். மாசி பிறந்தால் வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது, கம்பி உயரம். மாட்டுக்குப் போடுவதுபோல 2 அடியில் முதல் கம்பி. பன்றி அடியில் நுழைந்து போகிறது. தரையிலிருந்து 20, 40, 65 செ.மீ. என்று மூன்று கம்பி வேண்டும். மேட்டுப்பள்ளம் இருக்கும் இடத்தில் குச்சியை நெருக்கமாக நட்டு, அடிக்கம்பி எங்கும் ஒரு சாணுக்கு மேல் தூக்காமல் பார்க்க வேண்டும்.

மூன்றாவது புல். மார்கழிப் பனியில் நனைந்த ஒரு புல் கம்பியைத் தொட்டாலும் கசிவுதான், நூறு புல் தொட்டால் வேலி செத்தது. வேலிக்கு அடியில் இரண்டடி அகலம் வாரத்துக்கு ஒருமுறை செதுக்க வேண்டும். இன்சுலேட்டர் இல்லாமல் பச்சை மூங்கிலில் நேராகக் கம்பி சுற்றிய வேலியும் ஒன்று இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் 7,000 வோல்ட், கடைசி மூலையில் 1,200. கடைசி மூலையில் 4,000க்குக் குறையாமல் இருந்தால்தான் பன்றி மதிக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. பன்றியின் தோளும் விலாவும் தடித்த தோல், கெட்டி மயிர். அங்கே கம்பி பட்டால் பாய்ந்து உள்ளே போய்விடும். ஈரமான மூக்கு பட வேண்டும். அதனால் வேலி போட்ட முதல் வாரம், நடுக்கம்பியில் பத்தடிக்கு ஒரு தகரத் துண்டைக் கட்டி, வெல்லப்பாகும் மல்லாட்டை எண்ணெயும் தடவிவைக்க வேண்டும். மோந்து பார்க்க வந்து மூக்கில் வாங்கினால் அந்தக் கூட்டம் கம்பியை மறக்காது. மாலை 5 மணிக்குப் போட்டால் காலை 7 வரை அணைக்கக் கூடாது. "இந்த வாரம் வரலையே" என்று ஒருநாள் அணைத்தால் அன்றைக்கே கண்டுபிடித்துவிடும்.

பெட்டி வாங்கும்போது ஐ.இ.சி. 60335-2-76 தரக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பெட்டி நொடிக்கு ஒருமுறை, நொடியில் மிகச் சிறு துளி நேரம்தான் அடிக்கும். ஒரு மின்னடிக்கும் அடுத்ததற்கும் நடுவே கையை எடுத்துக்கொள்ளலாம். போர்செட் லைனிலிருந்து இழுக்கும் 230 வோல்ட் விடாது, பிடித்தவனைப் பிடித்தபடி கொன்றுவிடும். அதில் சாகிறவர்கள் தண்ணீர் திருப்பப் போன பக்கத்துக் கொல்லைக்காரர்கள், வேலி போட்டவரின் வீட்டுப் பிள்ளைகள். காப்புக்காட்டை ஒட்டிய நிலங்களில் 2023ஆம் ஆண்டு மின்வேலி விதிகளின்படி பதிவும் செய்ய வேண்டும்.

வேலிக்குப் பணம் இல்லாதவர்களுக்கு: மணிலாவைச் சுற்றி நான்கு வரிசை குசும்பா என்னும் முள்செடி, மக்காச்சோளத்தைச் சுற்றி நான்கு வரிசை ஆமணக்கு. தென்னங்கயிற்றில் பன்றிக் கொழுப்பும் கந்தகமும் குழைத்துத் தடவி, ஒரடி இடைவெளியில் மூன்று சுற்று கட்டுவதும் பலன் தருகிறது. சலூன் முடி முதல் மழையில் வாசம் போய்விடும். சேலை கட்டுவது ஒரு வாரத்துக்கு உதவும், பன்றிக்குப் பார்வை மந்தம், நிறத்துக்கு அது பயப்படுவதில்லை. எதையும் பத்து நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐந்தாம் நாள்: பண்ருட்டி – கடலூர் – வேப்பூர்

பண்ருட்டி முந்திரியில் இப்போது வேலை இல்லை. பழம் உதிரும் பங்குனி, சித்திரையில்தான் பன்றி வரும். பலா அடிமரத்திலேயே காய்ப்பதால் தரையை ஒட்டிய காய்கள் எட்டும், அவற்றுக்கு மட்டும் முள்கட்டு போதும்.

கடலூர் நகரத்துக் குப்பைமேட்டில் திரியும் வளர்ப்புப்பன்றிகள் தனிக் கவலை. ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் 2020இல் இந்தியாவுக்குள் வந்தது, 2023 தொடக்கத்தில் முதுமலைக் காட்டுப்பன்றிகளும் அதில் செத்தன. மனிதருக்குத் தொற்றாது, ஆனால் பன்றிக்கு மருந்து இல்லை. உணவகக் கழிவை அரை மணி நேரம் கொதிக்கவைக்காமல் பன்றிக்குப் போடக் கூடாது. ஓடையோரம் செத்த பன்றி கிடந்தால் தொடாமல் கால்நடை மருத்துவருக்கும் வனத்துறைக்கும் சொல்ல வேண்டும். எச்சம் எடுக்கக் கையுறை கொண்டுவந்தது இதற்குத்தான்.

ஆறாம் நாள்: வேப்பூர், கேமரா எடுத்த நாள்

ஆறில் ஐந்து கேமரா நான்கு இரவும் ஓடியிருந்தன. ஒன்றில் எறும்பு. எண்ணும் முறை இது: எல்லாப் படத்தையும் கூட்டக் கூடாது. ஒரே கூட்டம் ஒரே இரவில் இருபது முறை வரும். ஒவ்வோர் இரவிலும் ஒரே படத்தில் அதிகமாகத் தெரிந்த எண்ணிக்கையை மட்டும் எடுத்து, அடையாளங்களோடு ஒப்பிட வேண்டும். காது கிழிந்த பெண் ஒன்று, பின்கால் நொண்டும் ஒன்று, உடம்பில் வரி இன்னும் அழியாத குட்டிகள் ஐந்து. வரி இருந்தால் வயது ஆறு மாதத்துக்குள். தனியே வந்த பெரிய ஆண் ஒன்று, எப்போதும் கூட்டம் போன ஒரு மணி நேரம் கழித்து.

பெண் மூன்று, வளரும் இளசு இரண்டு, குட்டி ஐந்து, ஆண் ஒன்று. பதினொன்று. மணல் தடமும் அதற்கு மேல் சொல்லவில்லை. நுழைவு இரவு 11.40 முதல் 12.20க்குள், நான்கு நாளும் ஓடைப் பாதை ஒன்றிலேயே.

பரணுக்குக் கீழே படத்தைக் காட்டியபோது அம்மா நெடுநேரம் பார்த்தார்.

"பதினொண்ணா சார்? இதுவா இத்தினி அழிச்சிது?"

"இதேதாம்மா. திரும்பத் திரும்ப வருது."

நாற்பது என்று மனுவில் எழுதியிருந்தால் அளவுக்கு மீறிப் பெரிய பட்டியும் ஆளும் கேட்க வேண்டியிருக்கும். பதினொன்று என்றால் ஒரே பட்டி, ஒரே பாதை. மனு ஊர்க்குழுவுக்குப் போகிறது, படங்களும் இடக்குறியும் சேர்த்து. அதுவரை ஓடைப் பக்கத்து வரப்பில் 120 மீட்டருக்கு மூன்று கம்பி வேலி. பக்கத்துக் கொல்லைக்காரர்கள் இருவரும் கூட்டாகப் போட ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் மட்டும் போட்டால் பன்றி அடுத்தவர் பயிருக்குள் திரும்பும். எர்த் கம்பி மூன்றும் இன்று மதியமே வாய்க்கால் ஓரத்தில் அடித்தாயிற்று. வெல்லப்பாகு தடவிய தகரம் கட்டியாயிற்று. கடைசி மூலையில் 5,100 வோல்ட். மாலை 5 மணிக்குச் சுவிட்சைப் போட்டார் அம்மா. ஓடைப் பாதையில் இரண்டு கேமரா மட்டும் பத்து நாளுக்கு அங்கேயே இருக்கின்றன.